அக்காவுக்குத் தெரிந்த இரண்டு பாஷை

அக்காவை முதன்முதலாகப் பார்த்த அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற என் ஜெராக்ஸ் கடையில் சாதிச் சான்றிதழும் ஆதார் அட்டையுமாக இருபது பேர் முண்டிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த அம்மாள் மாதா கோயில் ஜெபக்கூட்டத்துக்குப் பாட்டுத்தாள் தொண்ணூற்றைந்து பிரதி எடுத்துவிட்டு, நகராமல் நின்று ஒவ்வொரு தாளாக எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணியது தமிழில் இல்லை. எண்பது பக்கம் வந்ததும் நின்று, தனக்குத்தானே சிரித்து, வேறு ஏதோ பாஷையில் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது.

ஏன்க்கா, தமிழில் எண்ணித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளும் என்று பார்த்தால், எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டது. பிரெஞ்சில் தொண்ணூறு என்று சொல்ல வேண்டுமானால் நாலு இருபது, அதற்கு மேலே ஒரு பத்து என்று சொல்ல வேண்டுமாம். எண்ணுகிறவன் கணக்கும் போட வேண்டும். தகாலோக்கில் அந்தத் தொல்லையே கிடையாது, ஒன்பது பத்து என்றால் முடிந்தது. “பிலிப்பைன்ஸ்காரிக பாஷை புள்ள அது. வளைஞ்சு நெளிஞ்சு போகாது. கேட்டதக் குடுத்துரும்” என்றது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம், வாரத்துக்கு மூன்று நாளாவது அக்கா என் கடைக்கு வந்தது. வேலை இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். மிஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிற பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு இரண்டு பாஷைகளையும் ஒப்பிட ஆரம்பிக்கும். இப்போது அது இல்லை. மாரடைப்பில் போய் மூன்று வருஷம் ஆகிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். அதன் மகள் இதே ஊர்ப் பக்கத்தில் நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறாள். அவள் மனசு நோக நான் ஒன்றும் எழுதக் கூடாது. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அக்காவுக்கு இந்த இரண்டு பாஷையும் எப்படி வந்தது என்றால், கல்ஃபில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் பதினாலு வருஷம் பிள்ளை பார்க்கிற வேலை செய்தது. பிள்ளை மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது போனது. அவன் மீசை முளைத்து, குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பியபோது அக்காவும் திண்டுக்கல்லுக்குத் திரும்பியது. அந்த வீட்டில் சமையலுக்கு ஒரு பிலிப்பைன்ஸ்காரி. இருவருக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. மாடியில் பிரெஞ்சு, மாடிப்படிக்குக் கீழே தகாலோக். எழுதப் படிக்க இரண்டிலும் தெரியாது. எல்லாம் காதில் விழுந்து வாய்க்கு வந்ததுதான்.

“பிரெஞ்சு பட்டுச்சேலை மாதிரி புள்ள. கட்டிக்கிட்டு நிக்கலாம், குனிய முடியாது. தகாலோக் நைட்டி. கெடந்து உருளலாம்” என்று சொல்லும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கும், சிரிக்கிறேனா என்று. பிரெஞ்சில் நாற்காலிகூடப் பொம்பளையாம், மேசையும் பொம்பளையாம். தகாலோக்கில் புருஷனைப் பற்றிப் பேசினாலும் பெண்டாட்டியைப் பற்றிப் பேசினாலும் ஒரே வார்த்தைதானாம். புறணி பேசுகிறவளுக்கு அது ரொம்ப வசதி, யாரைச் சொன்னாய் என்று கேட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று கண்ணைச் சிமிட்டும். பெரியவர்களிடம் பேசும்போது நம் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ‘ங்க’ போடுகிற மாதிரி அங்கே வார்த்தைக்கு வார்த்தை ‘போ’ போட வேண்டும் என்று சொன்னபோது, கடைக்கு வந்திருந்த ரிட்டையர் ஆன தாசில்தார் ஒருவர், மரியாதைக்கு ‘போ’வா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் காலையில் எழுந்ததும் ‘சா வா’ என்பார்களாம். நல்லா இருக்கிறாயா என்று அர்த்தம். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்களாம். பிலிப்பைன்ஸ்காரி அப்படி இல்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள், நம்மைப் போலவே. பதில் சொல்கிறவரை எதிரிலேயே நிற்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அக்கா சிரிக்காது.

இன்னொன்று சொன்னது. நம்மிடம் ‘நாம’ இருக்கிறது, ‘நாங்க’ இருக்கிறது. தகாலோக்கிலும் அப்படி இரண்டு இருக்கிறதாம். பிரெஞ்சில் எல்லாவற்றுக்கும் ‘நூ’ ஒன்றுதான். “ஞாயித்துக்கெழம நூ கடற்கரைக்குப் போறோம்னு அந்தம்மா சொல்லும். அதுல நான் உண்டா இல்லையான்னு கெளம்புற வரைக்கும் தெரியாது. செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பேன்.”

எங்கள் தெருவில் ஒரு பெண் பிரெஞ்சைப் பாடமாக எடுத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தாள். அவள் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது அக்கா ஸ்டூலில் இருந்தது. ஆசையாக ஏதோ கேட்டது. அந்தப் பெண் முழித்தாள். மெதுவாக மறுபடி கேட்டது. பெண் முகம் சிவந்து, எங்களுக்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான் ஆன்ட்டி என்றாள். அவள் போன பிறகு என்னக்கா கேட்டீங்க என்றேன். பசிக்குதா, பால் குடிக்கிறியா என்று கேட்டதாம். பதினேழு வயசுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. அதற்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க ஒரு குழந்தையோடு பேசிப் பேசி வந்த பிரெஞ்சு. பால், பசி, தூக்கம், குளிக்கலாம் வா, அழக் கூடாது, எங்கே வலிக்குது. அந்த வீட்டு அம்மாளே ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் அதைச் சொல்லிச் சிரித்தாளாம்.

ஒரு கேள்வி எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றாமலே இருந்தது. இரண்டு பாஷைகளையும் இத்தனை தூரம் எடை போடுகிற அக்கா ஏன் தமிழை மட்டும் தராசில் வைப்பதில்லை? தமிழில் அது நன்றாகத்தான் பேசியது, நம் ஊர்ப் பேச்சுதான், வாரேன் போறேன் என்று. அதனால் எனக்குத் தோன்றவில்லை. நான் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

மகளுக்கு மூன்று வயசாக இருந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் லாரி விபத்தில் போய்விட்டார். மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் கல்ஃபுக்குப் போனது. தங்கை தங்கமான பெண். தனக்குப் பிறந்த இரண்டோடு மூன்றாவதாக இவளையும் ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தாள். கூட இருந்த பிள்ளைகள் அவளை அம்மா என்றதால் இவளும் அம்மா என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் போனில் வருகிற அம்மாவை என்னவென்று கூப்பிடுவது? பிள்ளை தானே ஒரு பெயர் கண்டுபிடித்தது. ‘போன் அம்மா.’

அந்தப் பெயரை அக்கா என்னிடம் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னது. நானும் வேடிக்கையாகத்தான் கேட்டேன். வெள்ளிக்கிழமை பத்து நிமிஷத்தில் என்ன பேசுவீங்க என்றதற்கு, “என்ன பேச? சாப்டியா, படிச்சியா, அம்மா சொல்றதக் கேளு. அதுக்குள்ள போன் அட்ட தீந்துரும்” என்றது. பதினாலு வருஷம் அக்கா தன் மகளோடு பேசிய தமிழ் அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வரும். பிள்ளை பக்கத்தில் வந்து பழகுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் பிலிப்பைன்ஸ்காரிக்கும் இதே கதைதான். ஊரில் மாமியாரிடம் ஒரு மகனை விட்டுவிட்டு வந்தவள். மாடிப்படிக்குக் கீழே இந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றி அழுவார்கள். அக்கா அழுதால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே ‘தஹான் நா, தஹான் நா’ என்பாளாம். அழாதே, போதும் என்று அர்த்தம். பெரியவர்களுக்குச் சொல்கிற வார்த்தை இல்லையாம் அது, பிள்ளைகளைத் தேற்றுகிற வார்த்தை. “யாரும் என்னையத் தேத்துனதுன்னா அது தகாலோக்குலதான் புள்ள” என்றது அக்கா. பிரெஞ்சில் நீங்க யாரைத் தேத்துனீங்கக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்கும்.

அக்கா ஊருக்குத் திரும்பியபோது மகளுக்குப் பதினேழு வயசு. அக்கா தனியாக ஒரு சின்ன வீடு கட்டிக் குடிபோனது. மகளுக்கென்று ஓர் அறை, ஜன்னலுக்கு இளநீல வர்ணம். மகள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவாள், சாப்பிடுவாள், சாயங்காலம் சித்தி வீட்டுக்கே போய்விடுவாள். அங்கேயிருந்து காலேஜ் பக்கம் என்று காரணம். காலேஜ் முடிந்த பிறகும் அதே காரணம். அக்காவிடம் அவள் ஒருநாளும் முகம் கொடுக்காமல் பேசியதில்லை. வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா என்று மரியாதையாகத்தான் பேசுவாள். சித்தியிடம்தான் ‘ஏம்மா, இங்க வா’ என்று கத்துவாள், சண்டை போடுவாள், மடியில் தலை வைத்துப் படுப்பாள்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்றைக்கு நான் கேக் சாப்பிட அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மகளும் இருந்தாள். அந்தப் பிரெஞ்சுப் பையன் வீடியோவில் கூப்பிட்டான். ‘நூனூ’ என்பான் அக்காவை, பிள்ளை பார்க்கிற ஆயாவுக்குப் பிரெஞ்சில் அதுதான் செல்லப் பெயராம். வளர்ந்த தடியன், தாடி வைத்திருந்தான். அக்கா போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசிய பேச்சு இருக்கிறதே, அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதட்டியது, கொஞ்சியது, தாடியை எடுக்கச் சொல்லியது என்று நினைக்கிறேன். மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மகள் கல்யாணமாகி வடமதுரைக்குப் போனாள். உர மருந்துக் கடைக்காரப் பையன், நல்ல பையன். வருஷம் திரும்புவதற்குள் மாசமானாள். அப்போதிருந்து அக்காவுக்கு ஒரே நினைப்புதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் கூட்டிக்கொண்டு வர வேண்டும். எந்தத் தாய், எந்த வீடு? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. அக்கா என் கடையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசாமல், பிரெஞ்சில் மாசமாக இருப்பதற்கு என்ன சொல்வார்கள், தகாலோக்கில் என்ன சொல்வார்கள் என்று பேசிக்கொண்டிருந்தது.

வழியைத் திறந்தது தங்கைதான். வளைகாப்பு அன்றைக்கு வளையல் போட்டு, பலவகைச் சோறு பரிமாறி எல்லாம் முடிந்த பிறகு, “முறைக்கு நீதான்க்கா கூட்டிட்டுப் போகணும்” என்று மகளின் பெட்டியைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்தாள். மகள் சித்தியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறினாள். அக்கா எதையும் கவனிக்கவில்லை. அன்றைக்கு அது நடந்த நடையே வேறு.

ஏழு வாரம் மகள் அந்த நீல அறையில் இருந்தாள். அக்கா ஓடி ஓடிச் செய்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தங்கைக்குப் போன் போட்டுத்தான் செய்தது. டீயில் இவளுக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை? சோற்றுக்கு எந்த வெஞ்சனம் இறங்கும்? தூங்கும்போது ஃபேன் வேண்டுமா வேண்டாமா? மகளுக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று போனை எடுத்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிடும். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்கு வெட்கமே கிடையாது. இரண்டு பாஷை கற்றுக்கொண்ட ஆள் அல்லவா. ஒருநாள் மகள் தானாகவே, தலைக்கு எண்ணெய் வச்சு விடுறீங்களா என்று கேட்டாளாம். அதைச் சொல்ல மத்தியான வெயிலில் குடைகூட இல்லாமல் கடை வரைக்கும் நடந்து வந்தது.

வலி பத்து நாள் முந்திக்கொண்டது. தங்கை அன்றைக்குப் பார்த்து ஒரு புது வீட்டு விசேஷத்துக்கு நத்தம் போயிருந்தாள். காலை பத்து மணிக்கு அக்கா எனக்குப் போன் அடிக்க, கடையைப் பாதி ஷட்டரோடு விட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோவில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவ அறைக்குள் ஒரு பெண் மட்டும் கூட இருக்கலாம் என்றார்கள். அம்மா யாரு, உள்ள வாங்க என்று நர்ஸ் கூப்பிட்டாள். அக்கா என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. உள்ளே போனது. நான் துணிப்பையை வைத்துக்கொண்டு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

செத்த நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மகள் வலி தாங்காமல் கத்த ஆரம்பித்தாள். அவள் குரலுக்கு நடுவில் அக்காவின் குரல். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கேட்டேனே, அந்தக் குரல். மெதுவாக, ஒரே சீராக, ‘சா வா அலே, மோன் க்யெர், ஷ சுயி லா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது, பிற்பாடு அக்காதான் சொன்னது. எல்லாம் சரியாயிரும், என் கண்ணே, நான் இங்கதான் இருக்கேன். அதற்குள் மகளின் கத்தல் அதிகமாக, அக்காவின் குரலும் பதற ஆரம்பித்தது. ‘தஹான் நா, தஹான் நா’ என்றது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தமிழில் வராதா என்று நான் வெளியே நின்று தவித்தேன். உள்ளே போய்ப் பிடித்து உலுக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

“எனக்குப் புரியல” என்று மகள் அழுதாள். “எனக்கு ஒண்ணும் புரியல. அம்மாவக் கூப்புடுங்க.”

“அம்மா இந்தா நிக்கிறாங்கல்ல?” என்று நர்ஸ் சொன்னாள்.

“இவங்க இல்ல.”

அக்கா வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தது. கையில் மகள் நகம் பதிந்த தடம் நாலு இருந்தது. நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். “அவ ஏன் புரியலங்குறா? நான் தமிழ்லதான புள்ள பேசுனேன்?” என்று கேட்டது. என் முகத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டது. நான் போன் போட்டுச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் தங்கை பட்டுச்சேலையோடு நத்தத்திலிருந்து வந்து சேர்ந்தாள். நேரே உள்ளே ஓடினாள். அதற்குப் பிறகு மகள் கத்தல் கேட்டது, ஆனால் வேறு மாதிரி, உரிமையோடு திட்டிக்கொண்டே கத்துகிற கத்தல். பன்னிரண்டரைக்கு ஆண் குழந்தை பிறந்தது.

மகளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எலும்பு நொறுங்குகிற வலியில் பெண்பிள்ளை யாரைக் கூப்பிடுவாளோ அவளைத்தான் அவளும் கூப்பிட்டாள். அக்காவையும் குற்றம் சொல்ல வரவில்லை. காய்ச்சலிலும் வலியிலும் துடித்த ஒரு பிள்ளையைப் பதினாலு வருஷம் தேற்றிய வாய், ஒரு பிள்ளை துடிப்பதைப் பார்த்ததும் பழகிய வழியில் போய்விட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அன்று வீட்டுக்கு வந்து சாதத்தைக் குழைய விட்டதற்காக என் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

பத்து நாள் அக்கா கடைப்பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் நீல அறைக்குத்தான் வந்தாள், முறை மாறக் கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். துணைக்குத் தங்கையும் வந்து தங்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டுவது தங்கை. பத்தியச் சமையல் அக்கா. பதினோராவது நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது. பிரெஞ்சும் பேசவில்லை, தகாலோக்கும் பேசவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, “ஒம் பிள்ளைக்குக் காச்சல் அடிச்சா நீ என்ன புள்ள சொல்லுவ?” என்று கேட்டது.

எனக்குப் புரியவில்லை. மாத்திரை கொடுப்பேன் என்றேன். அதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்லுவ, அந்த வார்த்தையைச் சொல்லு என்றது. காய்ச்சல் இல்லாமல், பிள்ளை இல்லாமல், ஜெராக்ஸ் மிஷின் முன்னால் உட்கார்ந்து அதையெல்லாம் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். ஒண்ணுமில்லடா சாமி, அம்மா இருக்கேன்ல. இந்தா, இப்பச் சரியாப் போயிரும். எங்கண்ணுல்ல, எந்தங்கம்ல. அக்கா அதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னது. வார்த்தை எல்லாம் சரி. ராகம்தான் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவ சொல்லு என்றது. சொன்னேன். தகாலோக்கையும் இப்படித்தான் கத்துக்கிட்டேன், தினம் அஞ்சு வார்த்த, காய் நறுக்கிக்கிட்டே சொல்லிச் சொல்லிப் பாக்கணும், வந்துரும் என்று எனக்கு ஆறுதல் சொன்னது. தாய்மொழியை அந்நிய பாஷை மாதிரி ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். நான் மிஷினைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

இரண்டரை மாதம் அப்படியே போனது. தினம் வரும், கேட்கும், சொல்லிப் பார்க்கும். வீட்டில் சொன்னீங்களாக்கா என்று கேட்டால், இன்னும் நல்லா வரட்டும் என்னும்.

மூன்றாம் மாதம் முடிந்து குழந்தையை வடமதுரைக்கு அனுப்புகிற நாள் வந்தது. நானும் போயிருந்தேன். முதல் நாள்தான் ஊசி போட்டிருந்தார்கள், குழந்தை காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. வாசலில் மாப்பிள்ளை கார் வைத்துக்கொண்டு நிற்கிறார். மகள் தூக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை. தங்கை தோளில் போட்டுத் தட்டினாள், நிற்கவில்லை. தங்கை களைத்துப்போய், அக்கா, நீ செத்த வச்சிரு, நான் பையை எடுத்துட்டு வாரேன் என்று அக்காவிடம் கொடுத்தாள்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு குழந்தையிடம் குனிந்து, ஒண்ணுமில்லடா சாமி, அம்மாச்சி இருக்கேன்ல என்று ஆரம்பித்தது. பயந்து பயந்து, ஒவ்வொரு வார்த்தையாக. குழந்தை இன்னும் பலமாகக் கத்தியது. எந்தங்கம்ல என்றது. குழந்தைக்கு மூச்சு முட்டியது. அக்காவின் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அப்புறம் எந்த நிமிஷத்தில் என்று தெரியவில்லை, மனப்பாடம் செய்ததெல்லாம் அக்காவுக்கு மறந்துவிட்டது. கை தானாகக் குழந்தையை நெஞ்சோடு சாய்த்தது, உடம்பு மெதுவாக ஆட ஆரம்பித்தது, அந்தக் குரல் வந்தது. ‘சா வா அலே, மோன் க்யெர்.’ குழந்தை ஒரு விக்கலோடு நின்றது. அக்காவின் முகத்தையே பார்த்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆடிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தது.

மகள் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்து மூன்று வயசு. தன் அம்மா ஒரு பிள்ளையை எப்படித் தூக்குவாள், எப்படித் தேற்றுவாள் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

“அந்தப் பிரெஞ்சுக்காரப் பையன் குடுத்து வச்சவன்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். கிட்டே வந்து, தூங்கிவிட்ட குழந்தையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டாள். போயிட்டு வாரேங்க என்றாள். கார் தெருமுனை திரும்புகிற வரை நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

“அஞ்சு வயசுல இவளுக்கு மஞ்சக்காமால வந்துச்சு” என்றது அக்கா, தெருவைப் பார்த்துக்கொண்டே. “பொழைக்க மாட்டாளோன்னு தங்கச்சி போன்ல அழுதா. லீவு கேட்டேன். குடுக்கல. அந்த வாரந்தான் அவனுக்கு அம்ம போட்டிருந்துச்சு. அஞ்சு நாளு கீழ எறக்கவே இல்ல புள்ள அவன நான்.”